சுசுருதர் கூறும் விரண சுத்தி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"நமது பண்டை வைத்தியத்தின் பெருமை" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். அத்துணைப் பெரிய பொருளைத் தூக்கிச் சுமக்கும் வலிமை எனக்கில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் தாவரவியலும் படிக்கும் ஒரு மாணவன் நான். வைத்தியனல்லன், வடமொழிப் பண்டிதனுமல்லன். ஆகவே அவர்களுடைய இசைவுடன் பொருளைச் சுருக்கிக்கொண்டேன். அழுக்கேறிச் சீழ்பிடித்த ஒரு புண்ணை எவ்வாறு சுத்தி செய்து ஆற்றுவது என்பதுபற்றி ஆயுர்வேதம், சிறப்பாகச் சுசுருத சம்ஹிதை, கூறுவது யாது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். புண்ணும் சீழும் ஒரு மாலைக் கூட்டத்துக்கு ஏற்ற பேச்சா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

இப்பொருளை நான் தேடிப் போகவில்லை. அது எங்கள் வீடு தேடி வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், என் அம்மப்பா வேலியடைப்புக்குப் பனைமட்டை இழுத்துக்கொண்டு வந்தபோது, கருக்கு அவருடைய வலது காலிற் பெருவிரலின் அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டது. அவருக்கு நெடுநாளாகச் சலரோகம் உண்டு. "பெரிதாக நோகவில்லை" என்றார். நோகாதது நல்ல அறிகுறி என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். பக்கத்து வீட்டார் ஓர் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்து, எப்படிப்பட்ட புண்ணையும் ஐந்தே நாளில் மூடிவிடும் என்றார்கள். நாள்தோறும் அதைப் பூசியவன் நான். அந்தப் புண்ணை ஒருநாளேனும் விரித்துக் கழுவினேனா என்றால், இல்லை. கழுவினால் ஈரம் பட்டுவிடும், ஈரம் பட்டால் புண் ஆறாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. எட்டு நாளிற் புண்ணின் வாய் மூடிற்று. எல்லாருக்கும் மகிழ்ச்சி. பதினோராம் நாள் புறங்கால் வீங்கிக் காய்ச்சலும் வந்தது.

எங்களூரில் எண்பது வயதைக் கடந்த பரியாரியார் ஒருவர் இருந்தார். அவரை அழைத்து வந்தோம். அவர் விளக்கை அருகே கொண்டுவரச் செய்து காலைப் பார்த்தார். வீக்கத்தின்மேல் விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை நோக்கி, "தம்பி, கதவைப் பூட்டினது சரி, கள்ளன் உள்ளுக்கையெல்லோ நிக்கிறான்" என்றார். "இது என்ரை கையிலை இல்லை. இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. நாளைக்கு எண்டு வையாதேங்கோ" என்று சொல்லி, காசு எதுவும் வாங்காமற் போய்விட்டார். ஆசுப்பத்திரியிற் புண்ணைத் திறந்து சீழை வெளியேற்றினார்கள். இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. கால் தப்பிற்று.

அதன்பின்னர் ஒருநாள் பல்கலைக்கழக நூலகத்தில் சுசுருத சம்ஹிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு என் கையில் அகப்பட்டது. கவிராச குஞ்சலால் பிஷக்ரத்தினம் என்னும் வங்காள வைத்தியர் 1907 முதல் 1916 வரை கல்கத்தாவில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது அது. சூத்திரஸ்தானத்தின் 5ஆம் அத்தியாயத்தில், சத்திர சிகிச்சையின் பின்னர் செய்யவேண்டுவன பற்றிய பகுதியில், ஒரு செய்தி என்னைத் திடுக்கிடச் செய்தது. உள்ளே தோஷம் எஞ்சியிருக்கும்போது அவசரப்பட்டுப் புண்ணை ஆற்றிவிடக்கூடாது; அப்படி ஆற்றிய புண், சிறிய தவறு நேர்ந்தாலும் உள்ளே பொந்து வைத்து மீண்டும் கெடும் என்பது அதன் கருத்து. எங்கள் பரியாரியார் கள்ளனையும் கதவையும் வைத்துச் சொன்னது இதுதானே! அன்றிலிருந்து கிடைத்த நேரமெல்லாம் அந்நூலிற் புண்ணைப் பற்றிய பகுதிகளைப் படித்து வந்திருக்கிறேன்.

புண்ணுக்கு வடமொழியில் விரணம் என்று பெயர். நம்மவர் வாயில் அது இரணம், ரணம் என்று வழங்குகிறது. ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். நான் பயின்றது ஒரு மிஷன் பள்ளிக்கூடம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் பெயரைக் கேளாமல் அத்தகைய பள்ளிக்கூடங்களிற் படித்து வெளியேறுவோர் மிகச் சிலரே. அவர் ஓர் ஆங்கிலச் சத்திரவைத்திய நூலைத் தமிழாக்கி 1867இல் வெளியிட்டபோது, அதற்கு இட்ட பெயர் "இரண வைத்தியம்" என்பது. சுசுருதருடைய சொல்லே மேனாட்டு நூலுக்கும் முகப்பாயிற்று. அதே 1867இலேதான், பிரித்தானியாவில் யோசேப்பு லிஸ்டர் என்னும் வைத்தியர், காபோலிக் அமிலத்தாற் புண்ணைக் கழுவிச் சீழ்பிடியாமற் காக்கும் தமது முறையை "லான்செற்" என்னும் வைத்தியப் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். அதற்கு முன்னெல்லாம், வெண்மையாய்த் தடித்து வரும் சீழ் புண் ஆறுவதற்கு நல்ல அடையாளம் என்று நம்பிய சத்திரவைத்தியர் ஐரோப்பாவிற் பலர் இருந்தனர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சுசுருதரிடம் வருவோம்.

சுசுருதர் வாழ்ந்த காலம்பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அவர் பெயரால் வழங்கும் நூல் பல கைகளிற் பட்டு வளர்ந்தது. உத்தரதந்திரத்தையும் சேர்த்து 186 அத்தியாயங்கள் கொண்டது. ஏனைய ஆயுர்வேத நூல்களினும் இதற்குள்ள சிறப்பு, இது கத்தியெடுப்பவனின் நூல் என்பதே. பூசணி, சுரை முதலிய காய்களில் வெட்டிப் பழகவும், உரோமம் படிந்த தோலிற் சுரண்டிப் பழகவும், துணியாற் செய்த பாவையின் உறுப்புக்களிற் கட்டுப்போட்டுப் பழகவும் மாணாக்கனுக்கு அது விதிக்கிறது. இத்தகைய ஆசிரியர் புண்ணை வெறும் மருந்துப் பெயர்களின் பட்டியலாக நோக்கவில்லை. அவர் முதலிற் கேட்பது, "புண் இப்பொழுது எந்தப் படியில் நிற்கிறது?" என்பதே.

வீக்கத்திலிருந்தே தொடங்குகிறார். வீக்கம் பழுக்காதது, பழுத்துக்கொண்டிருப்பது, பழுத்தது என மூன்று நிலையினது. பழுத்துக்கொண்டிருக்கும்போது ஊசியாற் குத்துவது போலவும் தேள் கொட்டினாற் போலவும் வேதனை. இருக்கவும் படுக்கவும் ஒட்டாது. காய்ச்சலும் தாகமும் உண்டு. பழுத்தபின் வேதனை தணியும், நிறம் வெளிறும், தோல் சுருங்கும், விரலால் அழுத்தினாற் குழியும், ஒரு பக்கத்தில் அமுக்க, தோற்பையில் நீர் அசைவதுபோலச் சீழ் மறுபக்கம் அசையும். வேதனை தணிந்ததைக் கண்டு நோய் நீங்கிற்று என மயங்குவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பழுக்காத வீக்கத்தை அறியாமையால் அறுப்பவனையும், பழுத்ததை அறுக்காமல் அசட்டை செய்பவனையும் ஒரே தட்டில் வைத்துச் சுசுருதர் கடிந்துரைக்கிறார். அவர் வழங்கும் வசைச்சொல் அக்காலச் சாதிவழக்குச் சார்ந்தது; அதை நான் இங்கே எடுத்துச் சொல்ல விரும்பவில்லை. கண்டனத்தின் நியாயம் மட்டும் நமக்குப் போதும். பழுத்ததை அறுக்காவிட்டால் சீழ் தசையையும் நரம்பையும் பிளந்துகொண்டு உள்ளே வழி தேடும் என்கிறார். ஆசுப்பத்திரியில் அம்மப்பாவின் காலுக்குள் வைத்தியர் ஒரு கம்பியைச் செலுத்திப் பார்த்தபோது அது போன தூரத்தை நான் கண்டேன்.

இனிச் சிகிச்சையின் வரிசை. சூத்திரஸ்தானத்தின் 17ஆம் அத்தியாயத்தில் அதனை ஏழு படிகளாக அமைக்கிறார். வீக்கத்தைத் தடவிக் கரைத்தல், கெட்ட இரத்தத்தை வெளியேற்றல், பற்றிட்டுக் கட்டல், கீறித் திறத்தல், சுத்தி செய்தல், ஆற்றுதல், பின்னர் தழும்பின் விகாரத்தை நீக்கல் என்பன அவை. சிகிச்சாஸ்தானத்தின் முதல் அத்தியாயத்தில் இவ்வேழும் அறுபதாக விரிகின்றன. பட்டினியிற் தொடங்கி, ஆறிய இடத்தில் தோலின் நிறத்தை மீட்பது, மயிர் முளைக்கச் செய்வது வரை அங்கே விதியுண்டு. அறுபதையும் ஒப்புவித்து உங்களை உறங்கச் செய்ய நான் வரவில்லை. ஏழின் வரிசையை மட்டும் நோக்குங்கள். ஐந்தாவது சோதனம், அதாவது சுத்தி. ஆறாவது ரோபணம், அதாவது ஆற்றுதல். நாங்கள் அம்மப்பாவின் காலில் ஐந்தாவது படியைத் தாண்டி ஆறாவதில் ஏறினோம்.

எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை எப்படி அறிவது? இங்கேதான் சுசுருதரின் கண்கூர்மை விளங்குகிறது. கெட்ட புண்ணைத் துஷ்ட விரணம் என்கிறார். அதன் வாய் மிகக் குறுகியிருக்கும் அல்லது மிக அகன்றிருக்கும், மிகக் கடினமாகவோ மிக மெதுவாகவோ இருக்கும், கறுத்தோ, மஞ்சளித்தோ, வெளுத்தோ பார்க்க அஞ்சத்தக்கதாய் இருக்கும், அழுகிய தசையும் நரம்பும் நிறைந்து துர்நாற்றச் சீழ் வடியும், எரிவு, சிவப்பு, தினவு, வீக்கம், சுற்றிலும் கொப்புளம் என்பன உண்டு, நெடுநாளாகியும் ஆறாது. சுத்த விரணமோ நாக்கின் மேற்பரப்பின் நிறத்தினது. மெதுவானது, வழுவழுப்பானது, வேதனையற்றது, ஒழுங்காக அமைந்தது, கசிவற்றது. நாக்கின் நிறம் என்ற அந்த ஓர் உவமையை ஊன்றிப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டினால் எவனும் அறிந்துகொள்ளலாம். ஆசுப்பத்திரியிற் கட்டுமாற்றிய தாதி ஒருத்தி, மூன்றாம் கிழமை, "இப்ப நல்ல சிவப்பாய்த் தசை வருது, இனிப் பயமில்லை" என்று சொன்னதும் அதே நிறத்தைக் கண்டுதான். சீழை நல்ல அறிகுறியென்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்னரே, கசிவற்றதே சுத்தமான புண் என்று இவர் எழுதிவைத்திருப்பது சிறிய காரியமன்று. அதன்பின் ஆறத் தொடங்கிய புண்ணுக்கும் அடையாளம் சொல்கிறார்: ஓரங்கள் புறாவின் நிறமாய், ஈரமற்று, உறுதியாய், செதிள் படர்ந்து இருக்கும். நன்கு ஆறியதோ முடிச்சில்லாமல், வீக்கமில்லாமல், நோவில்லாமல், தோலோடு ஒத்த நிறமும் மட்டமும் உடையது.

சுத்தி செய்யும் சாதனங்களுள் முதலாவது கழுவுதல். மரப்பட்டைகளும் இலைகளும் இட்டுக் காய்ச்சிய கஷாயம் அதற்குரியது. ஆல், அரசு, அத்தி, இத்தி முதலிய பால்மரங்களின் பட்டைகளும், கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்னும் திரிபலையும் ஆயுர்வேதத்திற் புண் கழுவப் பெரிதும் பயின்று வருவன. இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் தசையைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும் என்பது தாவரவியல் படிக்கும் எவரும் அறிந்ததே. நீர் கொதித்திருக்கிறது என்பதும் சிறிய நன்மையன்று. வாய் குறுகி உள்ளே ஆழமான புண்ணுக்கு மருந்து தோய்த்த திரியைச் செலுத்தச் சொல்கிறார். வாய் முந்தி மூடிவிடாமல் உள்ளிருந்து புண் நிரம்பி வரவேண்டும் என்பது அதன் நோக்கம். இன்றைய ஆசுப்பத்திரியிலும் ஆழமான சீழ்க்கட்டியைக் கீறிய பின்னர் துணிநாடாவை உள்ளே வைத்து வாயைத் திறந்தே விடுவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

கற்கம் என்னும் அரைத்த விழுதுகளில் எனக்கு மிகவும் பிடித்தது எள்ளு விழுது. எள்ளை அரைத்து, அதனுடன் வேப்பிலையும் தேனும் சேர்த்தால் அது சுத்தி செய்வது. இவற்றோடு நெய்யும் கூட்டினால் ஆற்றுவது. ஒரே விழுது, ஒரு பொருள் கூடியதும் தொழில் மாறிவிடுகிறது. எந்த நாளில் நெய்யைச் சேர்ப்பது என்பதை நாட்கணக்கு முடிவு செய்வதில்லை. மேற்சொன்ன நாக்கின் நிறமே முடிவு செய்கிறது. எங்களுக்குக் கிடைத்த எண்ணெய் ஒருவேளை மிக நல்ல எண்ணெயாகவே இருந்திருக்கலாம். பிற்காலத்து நூல்களிற் புகழ்பெற்ற சாத்தியாதி எண்ணெயில் வேம்பும் மஞ்சளும் மாத்திரமன்றித் துரிசும் சேர்கிறது. துரிசிலுள்ள செம்பு கிருமிகளைக் கொல்லவல்லது. ஆயினும் மேலே பூசிய எண்ணெய், மூடிய தோலுக்கு அடியில் கிடக்கும் சீழை எவ்வாறு சென்றடையும்?

தேனைப் பற்றி இக்கால ஆராய்ச்சியாளர் மிகுதியாக எழுதியிருக்கின்றனர். தேனிற் சருக்கரை செறிந்திருப்பதால் கிருமியின் உடலிலிருந்து நீரை அது உறிஞ்சிவிடுகிறது, அமிலத்தன்மையும் உண்டு, தேனீயின் சுரப்பிலுள்ள ஒரு நொதி, தேன் நீர்த்துப்போகும்போது ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்குகிறது. 2015இல் கொக்ரேன் அமைப்பினர் அதுவரை நடந்த பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். ஆழங்குறைந்த தீப்புண்களும், சத்திர சிகிச்சைக்குப்பின் சீழ்பிடித்த புண்களும் தேனால் விரைவாக ஆறுகின்றன என்று கண்டனர். சலரோகக்காரரின் காற்புண்ணுக்குத் தேன் நன்மை செய்கிறதா என்பதற்கோ தெளிவான சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே நாம் சொல்லவேண்டும். முதற்பாதியை மட்டும் மேடையிற் சொல்லிக் கைதட்டு வாங்குவது முறையன்று. அன்றியும், ஆசுப்பத்திரிகளிற் பயன்படுவது கதிர்வீச்சாற் கிருமி நீக்கிய தேன். சந்தையில் விற்கும், பாதி சீனிப்பாகான தேனைக் கொண்டு எவரும் இதைப் பரீட்சித்துப் பார்க்கவேண்டாம்.

புழுத்த புண்ணைப் பற்றியும் அவர் அறிவார். ஈ வந்து புண்ணில் மொய்த்துப் புழுவை இடுகிறது என்று காரணத்தை நேராகவே சொல்லி, துளசி இனத்து மூலிகைகளாற் கழுவுவதையும், இறைச்சித் துண்டொன்றைப் புண்ணின்மேல் வைத்துப் புழுக்களை அதற்கு ஏறச்செய்து எடுப்பதையும் கூறுகிறார். இதில் ஒரு வேடிக்கை. கிருமியற்ற முறையில் வளர்த்த புழுக்களை விட்டு அழுகிய தசையைத் தின்னச் செய்யும் சிகிச்சைக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் அனுமதி வழங்கியது. அட்டைகளுக்கும் அதே ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது. சுசுருதர் அட்டைகளைப் பன்னிரண்டு வகையாக்கி, ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை என்று பிரித்து ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

புண்ணைச் சுற்றியுள்ள இடமும் சுத்தமாயிருத்தல் வேண்டும். கடுகு, வேப்பிலை, நெய், உப்பு இவற்றை இட்டு நாளுக்கு இருமுறை, பத்து நாட்கள், சோம்பலின்றி அறைக்குப் புகையூட்டச் சொல்கிறார். நோயாளி நகத்தையும் மயிரையும் கத்தரித்து, வெள்ளாடை உடுத்தி இருக்கவேண்டும். கட்டுக்கள் 14 வகை. குளிர்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறையும், வெயில் மழைக் காலங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் அவிழ்த்து மாற்றவேண்டும். உள்ளே வைக்கும் திரியில் நெய்ப்பு மிகுந்தால் புண் நீர்த்துவிடும், வறண்டால் அறுக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கட்டும் என்கிறார். பகலில் உறங்காதே, உறங்கினால் தினவும் வீக்கமும் கசிவும் கூடும் என்கிறார். நண்பர்கள் அருகிலிருந்து இனிய கதைகள் சொல்லி வேதனையை மறக்கச் செய்யவேண்டும் என்றும் ஒரு விதியுண்டு. அது எந்த ஆசுப்பத்திரியின் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறதோ நான் அறியேன்.

இந்தப் புகையூட்டலுக்குச் சுசுருதர் கூறும் காரணம், இரத்தத்தையும் இறைச்சியையும் விரும்பி இரவிற் திரியும் நிசாசரர்கள் புண்ணை நாடி வருவர் என்பது. இவ்விடத்தில் நம்மவர் சிலர் குதூகலித்து, "நிசாசரர் என்று முனிவர் சொன்னது பக்ரீரியாவையே" என்று மேடையேறிப் பேசுகின்றனர். நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். கண்ணாடி வில்லையில்லாத காலத்தில் கிருமியை அவர் காணவில்லை, கண்டதாகச் சொல்லவுமில்லை. காணாத பகையை நோக்கி, கண்டவற்றைக் கொண்டு, இவ்வளவு ஒழுங்கான காவலை அமைத்தாரே என்பதுதான் வியப்புக்குரியது. அதனைக் குறைத்து, அவர் சொல்லாததை அவர் வாயில் இட்டு ஏற்றுவானேன்?

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. புண்பட்டவன் புதுநெல்லரிசி, உழுந்து, எள்ளு, கொள்ளு முதலியவற்றை விலக்கவேண்டும் என்கிறார். நம் ஆச்சிமார் "புண்ணுக்கு ஆகாது" என்று தள்ளும் பட்டியலின் வேர் இதுபோன்ற விதிகளிலே இருக்கலாம். ஆனால் அவர் பழைய நெல்லரிசிச் சோற்றை நெய்யுடனும் காட்டுவிலங்குகளின் இறைச்சிச் சாற்றுடனும் கொடுக்கவும் சொல்கிறார். நம் வீடுகளில் மீனும் ஆகாது, முட்டையும் ஆகாது, பருப்பும் ஆகாது என்று நோயாளியைச் சோறும் இரசமுமாக வாடவிடுகிறோம். புரதமின்றித் தசை எங்கிருந்து வளரும்? பாதி விதியைக் கைக்கொண்டு மற்றப்பாதியை மறந்தோம்.

நமது தீவிலும் இக்கலை வழங்கிவந்தமைக்குக் கல்லிலே சான்றுண்டு. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையின் இடிபாடுகளிடையே, மனித உருவுக்கேற்பக் குடைந்த மருந்துத் தொட்டி கிடக்கிறது. பொலன்னறுவை ஆலாகண பிரிவேனாவின் 12ஆம் நூற்றாண்டு வைத்தியசாலையை அகழ்ந்தபோது கத்தரி, குறடு முதலிய சத்திரக் கருவிகள் கிடைத்தன. கண்டு வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள்.

இன்றைக்கும் பயன்படும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பவுத்திரம் என்னும் நோயில், குதத்தின் அருகே சீழ் வழியாகத் துளைத்த பொந்து ஆறாமல் நிற்கும். அதற்குக் காரம் தோய்த்த நூலைச் செலுத்தும் முறை பழைய நூல்களில் உண்டு. வழக்கொழிந்திருந்த அதை 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்து ஆயுர்வேத அறிஞர்கள் மீட்டெடுத்தனர். நூலுக்குக் கள்ளிப்பாலும், நாயுருவியை எரித்தெடுத்த காரமும், மஞ்சளும் 21 முறை பூசப்படும். அதனைப் பொந்தினூடு செலுத்திக் கட்டிவிட்டு, கிழமைக்கு ஒருமுறை புதிதாக மாற்றுவார்கள். நூல் மெதுவாக அறுத்துக்கொண்டே வரும். பின்னால் புண் ஆறிக்கொண்டே வரும். சீழ் நூல்வழியே வடிந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 500க்கு மேற்பட்ட நோயாளரில் இதனையும் சத்திர சிகிச்சையையும் ஒப்பிட்டு 1991இல் முடிவை வெளியிட்டது. நூல் முறையில் ஆற 8 கிழமை, சத்திரத்தில் 4 கிழமை. ஆனால் நோய் மீண்டும் வந்தது நூல் முறையில் நூற்றுக்கு 4 பேருக்கு, சத்திரத்தில் 11 பேருக்கு. மெதுவாக மூடியது உறுதியாக மூடிற்று. ஆயுர்வேதத்துக்குப் பெருமை தேடுவோர் நிசாசரரை விட்டு இவ்விதப் பரிசோதனைகளின் பக்கம் திரும்பினால் நன்று.

நிற்க. நான் முதலிற் சொன்ன கதைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. சுசுருதர் எல்லாப் புண்ணும் ஆறும் என்று வாக்குக் கொடுப்பவரல்லர். ஆறத்தக்கது, தாங்கிவைக்கத்தக்கது, ஆறாதது என்று பிரித்தே பேசுகிறார். சூத்திரஸ்தானத்தின் 23ஆம் அத்தியாயத்தில், எவருடைய புண்கள் அரிதின் ஆறும் என்று எண்ணும்போது, குட்டரோகிகள், விஷம் தீண்டியவர், உடல் உருகும் சோஷ நோயாளர் ஆகியோருடன் மதுமேகம் உடையோரையும் பெயர் சொல்லி வைக்கிறார். மதுமேகம் என்பதே நாம் சலரோகம் என்பது. ஏன் அரிது என்பதற்கு இன்று நமக்கு விடை தெரியும். நெடுநாட் சலரோகத்தால் காலின் நரம்புகள் உணர்விழக்கின்றன. அதனால் காயம் நோவதில்லை. நுண்ணிய குழாய்களும் பெரிய குழாய்களும் கெட்டு இரத்தவோட்டம் குறைகிறது. அம்மப்பா "பெரிதாக நோகவில்லை" என்றபோது நாங்கள் மகிழ்ந்தோமே, அஞ்சவேண்டிய இடம் அதுவே.

இங்கிருப்பவர்களில் எத்தனையோ பேருடைய வீடுகளிற் சலரோகக்காரர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆகையால் வெட்கத்தை விட்டு எங்கள் பிழையைச் சொன்னேன். காயத்துக்குச் சாம்பலும் சாணியும் அப்புவோர் இன்னும் இருக்கின்றனர். மண்ணிலும் சாணியிலும் ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் உறையும். அவை காற்றுப்படாமல் மூடிய புண்ணிற்றான் முளைக்கும். இரசமும் பாஷாணமும் கூட்டிய களிம்புகளைப் பெயர் தெரியாதாரிடம் வாங்கிப் பூசுவோரும் உளர். இவையெல்லாம் "நாட்டு வைத்தியம்" என்ற ஒரே பெயரிற் போகின்றன. எங்கள் பரியாரியாரும் நாட்டு வைத்தியரே. அவர் தம் மருந்துப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

அம்மப்பா இப்போது நடமாடுகிறார். ஒவ்வொரு நாளும் மாலையில் அவருடைய இரு பாதங்களையும் அம்மா கழுவித் துடைத்து, விரலிடுக்குகளை விளக்கொளியிற் பார்த்த பின்னரே அவர் படுக்கைக்குப் போவார். எண்ணெய்ப் போத்தல் இன்னும் எங்கள் வீட்டு இறப்பிலே செருகியபடி இருக்கிறது; எறிய ஒருவருக்கும் மனம் வரவில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, நான் எழுதியெடுத்த குறிப்புக்களைக் கொண்டுபோய்ப் பரியாரியாருக்குத் தமிழிற் சொல்லிக் காட்டினேன். அவருக்குக் கண் மங்கியிருந்தது. திண்ணையில் இருந்தபடி கேட்டுக்கொண்டே வந்தார். அவசரப்பட்டு மூடாதே என்ற இடம் வந்ததும், "இதை எங்கடை ஐயா தான் எனக்குச் சொல்லித் தந்தவர். அவருக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது" என்றார். பிறகு சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "சலரோகத்தைப் பற்றியும் அந்த மனிசன் எழுதியிருக்கிறாரோ?" என்று கேட்டார். எழுதியிருக்கிறார் என்று அந்தப் பகுதியையும் சொன்னேன். "அப்ப எழும்பு தம்பி, கொம்மப்பாவின்ரை காலை ஒருக்காப் பாப்பம்" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.